இரவில் வண்டி தெரிய வேண்டும்! "ரேடியம்" பட்டையை எங்கே ஒட்டுவது, எப்படி ஒட்டுவது?

அறுவடைக் காலத்தில் உழவருக்கு இரவு, பகல் என்ற வேறுபாடு இல்லை. ஸ்ரீரங்கம் தீவிலும் ஜீயபுரம், பெட்டவாய்த்தலைப் பகுதிகளிலும் மாலையில் வெட்டிய வாழைத்தாரும் இலைக்கட்டும் விடிவதற்குள் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் இருட்டிய பிறகும் ஆலை நோக்கிச் செல்கின்றன. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்கு நெல் மூட்டைகள் போகின்றன. வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி, பொழுது சாய்ந்த பிறகுதான் வயலை விட்டுக் கிளம்புகிறது.

இவை செல்லும் சாலைகளோ முன்போல் இல்லை. சென்னை, மதுரை, தஞ்சை செல்லும் நெடுஞ்சாலைகள் நான்கு வழிச் சாலைகளாகிவிட்டன. கரூர் சாலை காவிரிக் கரையை ஒட்டி வளைந்து செல்கிறது. பல இடங்களில் ஓரம் ஒதுங்கக்கூட இடம் இல்லை. மார்கழி, தை மாதங்களில் ஆற்றோரச் சாலைகளில் பனிமூட்டம் வேறு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் பஸ் செல்லும் அதே சாலையில் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் மாட்டு வண்டியும் செல்கிறது.

இரவில் பின்னால் வரும் வாகனம் மோதி, வண்டியும் மாடும் வண்டிக்காரரும் ஒரே நொடியில் பலியாகும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். ஓட்டுநர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "வண்டி இருந்ததே தெரியவில்லை." பல சமயங்களில் அது உண்மையாகவே இருக்கிறது. நம் வண்டியைத் தெரியும்படி செய்வது நம் கையில் இருக்கிறது. அதற்கான எளிய வழியே ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை.

கணக்கைப் பாருங்கள்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. முன்னால் ஒரு பொருளைக் கண்டு, ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை விநாடி ஆகிவிடும். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து வண்டி நிற்க மேலும் 20 முதல் 25 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் சுமார் 50 மீட்டர். வேகம் 80 கி.மீ. ஆனால் சுமார் 75 மீட்டர். சாலை நனைந்திருந்தாலோ, லாரியில் பாரம் இருந்தாலோ இன்னும் அதிகம்.

எதிரே வரும் வண்டிக்காக விளக்கைத் தாழ்த்திப் போட்டிருக்கும்போது, கறுத்த மரச்சட்டமோ எருமை மாடோ சுமார் 30 மீட்டர் தூரத்திற்குள் வந்தால்தான் ஓட்டுநர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். நிற்க 50 மீட்டர் வேண்டும். தெரிவதோ 30 மீட்டரில்! எவ்வளவு நல்ல ஓட்டுநரானாலும் என்ன செய்ய முடியும்?

நல்ல பட்டை ஒட்டிய வண்டி 150 மீட்டருக்கு அப்பாலிருந்தே தெரியும். 60 கி.மீ. வேகத்தில் வருபவருக்கு ஏறக்குறைய 9 விநாடி கிடைக்கிறது. வேகத்தைக் குறைத்து, விலகிச் செல்ல இது போதும். பட்டை நமக்குத் தருவது இந்தச் சில விநாடிகளைத்தான்.

பெயரில்தான் ரேடியம்

கடைத்தெருவில் இதை "ரேடியம் ஸ்டிக்கர்" என்கிறோம். ஆனால் இதில் ரேடியம் துளியும் கிடையாது. ரேடியம் என்பது 1898-ல் கியூரி தம்பதியர் கண்டுபிடித்த தனிமம். முற்காலத்தில் கடிகார முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள். அது இருட்டில் தானாகவே ஒளிர்ந்தது. உடலுக்குக் கேடு என்று தெரிந்ததும் அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது. பெயர் மட்டும் நம்மிடம் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பெயரால் ஒரு தவறான எண்ணமும் வந்துவிட்டது. பட்டை தானாகவே ஒளி வீசும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தன்மேல் விழும் ஒளியை, அது வந்த திசைக்கே பட்டை திருப்பி அனுப்புகிறது. இதைப் புரிந்துகொண்டால் பட்டையை எங்கே ஒட்ட வேண்டும் என்பதும் தானே விளங்கிவிடும்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் சாய்வாக விழும் ஒளி மறுபக்கம் போய்விடும். வெள்ளைச் சுவரில் விழும் ஒளி நாலா பக்கமும் சிதறும். ஒளி திருப்பும் பட்டையில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் மாவுபோன்ற நுண்ணிய கண்ணாடி மணிகள் இருக்கும். ஒளி மணிக்குள் நுழைந்து, பின்னால் உள்ள பளபளப்பான பூச்சில் பட்டு, வந்த வழியே திரும்பும். மற்றொரு வகையில் மிகச் சிறிய மூலைகள் வரிசை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அறையின் மூலையில் ரப்பர் பந்தை வேகமாக எறிந்தால், அது மூன்று பக்கமும் பட்டு எறிந்தவரை நோக்கியே வரும் அல்லவா? ஒளியும் அப்படித்தான் திரும்புகிறது. 1969-ல் அப்போலோ 11 விண்கலத்தில் சென்றவர்கள் இப்படிப்பட்ட 100 மூலைக் கண்ணாடிகளை நிலவில் வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளியை அவை திருப்பி அனுப்புகின்றன.

டார்ச் அடித்தால் பூனையின் கண்ணும் மாட்டின் கண்ணும் பளிச்சென்று மின்னுகின்றன. கண்ணின் பின்புறத்தில் உள்ள பளபளப்பான படலமே காரணம். இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934-ல் காப்புரிமை பெற்ற சாலைப் பிரதிபலிப்பானுக்குப் பூனைக்கண் என்றே பெயர். நம் மாட்டுக்கும் இயற்கை இந்த ரிஃப்ளெக்டரைக் கொடுத்திருக்கிறது. ஆனால் மாட்டின் கண் முன்னால் இருக்கிறது. ஆபத்தோ பின்னால் வருகிறது. ஆகவே பின்புறத்திற்கு நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாங்கும்போது டார்ச் சோதனை

பளபளப்பான தாளெல்லாம் ஒளி திருப்பும் பட்டை ஆகிவிடாது. வெறும் வண்ண ஸ்டிக்கரும் ஜிகினாத் தாளும் பகலில் மின்னும், இரவில் உதவாது. வாங்கும் முன் இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

பட்டைத் துண்டை இருட்டான இடத்தில் வைத்து 50 அடி தள்ளி நில்லுங்கள். டார்ச் விளக்கை உங்கள் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். நல்ல பட்டையானால் விளக்கு எரிவதுபோல் பிரகாசமாகத் தெரியும். பிறகு உங்களுக்குப் பத்தடி பக்கத்தில் நிற்பவரை டார்ச் அடிக்கச் சொல்லி, நீங்கள் பாருங்கள். இப்போது பட்டை மங்கிவிடும். ஒளி டார்ச் அடிப்பவரிடமே திரும்பிப் போவதுதான் காரணம். வாகன ஓட்டுநரின் கண் அவரது முகப்பு விளக்குக்கு அருகில் இருப்பதால் அவருக்குப் பட்டை நன்றாகத் தெரிகிறது.

வண்டிக்கும் டிரெய்லருக்கும் 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டங்குல அகலமுள்ள பட்டை ஏற்றது. லாரிகளுக்கு ஒட்டும் "ஏ.ஐ.எஸ். 090" என்று அச்சிட்ட பட்டை தரமானது. லாரி உதிரிபாகக் கடைகளிலும் ஸ்டிக்கர் கடைகளிலும் கிடைக்கும். துணியில் தைக்கும் பட்டையும் உண்டு. துணிப் பட்டைகளில் கண்ணாடி மணி வெளியே தெரியும் வகை, மழையில் நனைந்தால் மங்கும். எனவே வெளியில் கிடக்கும் வண்டிக்கு மேலே உறையிட்ட வகையையே வாங்குங்கள்.

நிறம் மாறக் கூடாது

முன்புறம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்புறம் சிவப்பு. இந்த முறையை மாற்றக் கூடாது. சிவப்பைக் கண்டால் வண்டியின் பின்புறம் என்றும், வெள்ளையைக் கண்டால் எதிரே வருகிறது என்றும் ஓட்டுநர் முடிவு செய்கிறார். அழகுக்காக நிறம் மாற்றி ஒட்டினால் அவர் ஏமாந்துபோவார்.

வெள்ளைப் பட்டை அதிக ஒளியைத் திருப்பும். மஞ்சள் அடுத்தது. சிவப்பு குறைவாகவே திருப்பும். எனவே பின்புறத்தில் பட்டையைத் தாராளமாக ஒட்டுங்கள்.

மாட்டு வண்டிக்கு

1. பின்சட்டத்தின் இரண்டு முனைகளிலும் ஒரு முழ நீளத்திற்குச் சிவப்புப் பட்டை ஒட்டவும். இரண்டு முனைகளிலும் என்பது முக்கியம். நடுவில் மட்டும் ஒரு துண்டு ஒட்டினால், மோட்டார் சைக்கிள் போகிறது என்று எண்ணி ஓட்டுநர் பக்கத்தில் நுழையப் பார்ப்பார். வண்டியின் முழு அகலமும் தெரிய வேண்டும்.

2. நுகத்தடியின் இரு முனைகளிலும் முன்பக்கம் பார்க்கும்படி வெள்ளைத் துண்டு ஒட்டவும்.

3. பக்கச் சட்டத்தில் இரண்டு மூன்று இடங்களில் மஞ்சள் துண்டு ஒட்டவும். வண்டி சாலையைக் குறுக்கே கடக்கும்போது இதுதான் காப்பாற்றும். சக்கரத்தின் ஆரக்கால்களிலும் ஒட்டலாம்; சுழலும் ஒளி எளிதில் கவனத்தை ஈர்க்கும்.

4. தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல், நாலடிக்குள் பட்டை இருக்கட்டும். தாழ்த்திய விளக்கின் ஒளி அந்த உயரத்தில்தான் நன்றாக விழும்.

பாரம் மறைத்துவிட்டால்?

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வெறும் வண்டியில் பட்டை நன்றாகத் தெரியும். வைக்கோலோ கரும்போ ஏற்றியதும் அது பின்னால் நீட்டிக்கொண்டு பட்டையை முழுவதும் மூடிவிடும். டிரெய்லரின் சிவப்பு விளக்கையும் கரும்புத் தோகை மறைத்துவிடும். ஆபத்து மிகுந்த நேரத்தில் பாதுகாப்பு இல்லாமல் போகிறது.

இதற்குத் தனியாக ஒரு தொங்கு பட்டை செய்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அகலத்திற்கு ஒரு தார்ப்பாய்த் துண்டோ, இரண்டு சிறு தகரப் பலகைகளோ போதும். அதில் சிவப்புப் பட்டையை ஒட்டி அல்லது தைத்து, மூலைகளில் கயிறு கோத்துக்கொள்ளவும். பாரம் ஏற்றி முடித்ததும், பாரத்தின் கடைசி முனையில், இருபுறமும் தெரியும்படி இறுக்கிக் கட்டவும். காற்றில் புரளாமல் கீழ் மூலைகளையும் கட்ட வேண்டும். பாரக்கயிறு கட்டும்போதே இதையும் கட்டுவது பழக்கமாகிவிட்டால் மறக்காது.

டிராக்டருக்கு

டிரெய்லரின் பின்புறம் இருபக்கமும் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. பலரது டிரெய்லரில் அது உடைந்தோ சேறு மூடியோ கிடக்கிறது. அதைச் சரிசெய்வதோடு, பின்கதவின் நான்கு ஓரங்களிலும் பட்டை ஒட்டினால் டிரெய்லரின் உருவமே இருட்டில் தெரியும்.

கொக்கிக் கலப்பை, ரோட்டவேட்டர் ஆகியவற்றைத் தூக்கிக்கொண்டு சாலையில் செல்லும்போது அவை பின்விளக்கை மறைக்கின்றன. டிராக்டரைவிட அகலமாகவும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கலப்பைச் சட்டத்தின் இரு முனைகளிலும் சிவப்புத் துண்டு ஒட்டுங்கள்.

வண்டி பழுதாகிச் சாலையில் நின்றால், பின்னால் கல்லையும் மரக்கிளையையும் வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கல் இருட்டில் தெரியாது. வண்டி கிளம்பிய பிறகு அது அங்கேயே கிடந்து, அடுத்து வரும் மோட்டார் சைக்கிள்காரரைக் கவிழ்த்துவிடும். முக்கோண வடிவிலான ஒளி திருப்பும் எச்சரிக்கைப் பலகை கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கி இருக்கைக்கு அடியில் வையுங்கள். பழுதான வண்டிக்கு 50 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் நிறுத்துங்கள். வேகமான சாலையானால் இன்னும் தள்ளி வைக்கவும்.

சைக்கிள்காரரும் நடந்து செல்பவரும்

சைக்கிளின் பின்புற மட்கார்டில் சிவப்பும், முன்னால் வெள்ளையும், பெடல் கட்டையில் மஞ்சளும் ஒட்டவும். புல்லுக்கட்டு பின்புறத்தை மறைத்தாலும் பெடல் மறையாது. மேலும் கீழும் அசையும் ஒளியைக் கண்டதும் சைக்கிள் என்று ஓட்டுநர் உடனே கண்டுகொள்வார்.

நடந்து செல்பவர் கணுக்காலிலோ மணிக்கட்டிலோ பட்டை கட்டிக்கொள்வது நல்லது. மார்பில் அசையாமல் இருக்கும் பட்டையைவிட, கை கால்களோடு சேர்ந்து அசையும் பட்டையைக் கண்டதும் போவது ஓர் ஆள் என்பது விரைவில் விளங்கும். சமயபுரத்திற்கும் பழனிக்கும் இரவில் பாதயாத்திரை செல்லும் குடும்பங்கள், பைகளின் பின்புறத்திலும் கைத்தடியிலும் ஒட்டிக்கொள்ளலாம். நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி வலதுபுறம் நடப்பதே பாதுகாப்பு.

கால்நடைக்கும் கிடைக்கும்

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசும் வண்ணம் பகலுக்குத்தான் அழகு. இரவில் பயன் தராது. பின்லாந்து நாட்டில் 2014-ல் சாலையில் அடிபடும் கலைமான்களைக் காப்பாற்ற, கொம்பில் ஒளி திருப்பும் வண்ணம் பூசிச் சோதித்தார்கள். நமக்குக் கழுத்துப்பட்டையே எளிது. இரண்டங்குல நாடாவில் பட்டையைச் சுற்றிலும் தைத்து, மூன்று விரல் நுழையும்படி தளர்வாகக் கட்டவும். மந்தையானால் முன்னால் போவதற்கும் கடைசியில் வருவதற்கும் கட்டாயம் கட்டவும். கறுப்பு மாட்டுக்கும் எருமைக்கும் முதலிடம் கொடுங்கள்.

வெளிநாடுகளில் கூடாரம் அடித்துத் தங்குபவர்கள், இரவில் கால் தடுக்காமலிருக்க, ஒளி திருப்பும் இழை சேர்த்துப் பின்னிய கயிற்றால் கூடாரத்தைக் கட்டுகிறார்கள். நம் ஊரில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளும் வெட்டவெளியில்தான் தங்குகிறார்கள். கிடை வலையின் கயிற்றிலும் முளைகளிலும் மூன்றடிக்கு ஒரு துண்டு பட்டை சுற்றிவிட்டால், இருட்டில் யாரும் கயிற்றில் தடுக்கி விழ மாட்டார்கள். பாதையோரம் கிடை போட்டிருந்தால் வரும் டிராக்டருக்கும் எல்லை தெரியும். கிடையை இரவில் சாலை வழியே மாற்றும்போது, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் பட்டையும் விளக்கும் கொண்டு செல்ல வேண்டும்.

இரவுப் பாசனத்தில்

மும்முனை மின்சாரம் வரும் நேரத்திற்கு எழுந்து மோட்டார் போடப் போகிறவர்களுக்கும் இது உதவும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றைச் சுற்றி முளைகள் அடித்து, முழங்கால் உயரத்தில் பட்டை சுற்றவும். இது சுவருக்கு மாற்று அல்ல. சுவர் கட்டும்வரை எச்சரிக்கை. மோட்டார் அறைக் கதவு, வரப்பில் திரும்பும் இடம், மடைவாய் ஆகிய இடங்களிலும் முளை வைக்கலாம். மண்வெட்டிப் பிடியில் ஒரு துண்டு ஒட்டினால், வரப்பில் வைத்துவிட்டுத் தேட வேண்டியதில்லை.

இங்கே தலையில் கட்டும் டார்ச் நல்லது. விளக்கு கண்ணுக்கு அருகில் இருப்பதால் பட்டை மிகப் பிரகாசமாகத் தெரியும். இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். ஆனால் பாம்பும் தேளும் பட்டை ஒட்டிக்கொண்டு வருவதில்லை! டார்ச்சையும் காலணியையும் விட்டுவிடாதீர்கள்.

ஒட்டும் முறை

செதுக்காத மரத்தில் பட்டை நிற்காது. தகரம் அல்லது அலுமினியத் தகட்டில் ஒட்டி, நான்கு மூலைகளிலும் ஆணி அடித்துப் பொருத்தவும். இரும்பானால் துருவைச் சுரண்டி, சோப்பு நீரால் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டவும். எண்ணெய்ப் பிசுக்கு கூடாது. பனி ஈரம் இருக்கும் காலை வேளையைத் தவிர்த்து, வெயில் ஏறிய பிறகு ஒட்டுங்கள். துணியால் நடுவிலிருந்து ஓரத்திற்குத் தேய்த்து அழுத்தவும். மூலைகளை வளைவாக வெட்டினால் உரியாது. மேலே வார்னிஷோ பெயிண்டோ பூசக் கூடாது.

சேறும் சாணமும் படிந்த பட்டை இருந்தும் இல்லாததற்குச் சமம். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். வெளுத்தும் வெடித்தும் போனதை மாற்றிவிடுங்கள்.

பட்டையால் ஆகாதவை

பட்டைக்குச் சொந்த ஒளி இல்லை. முகப்பு விளக்கு எரியாத வாகனத்தில் வருபவருக்கு அது தெரியாது. வளைவுக்கு அப்பால் இருந்தாலும் தெரியாது. ஆகவே பட்டையோடு ஒரு விளக்கும் கட்டாயம் வேண்டும். மாட்டு வண்டியின் பின்னால் பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

சாலையில் நெல் காயவைத்து, இரவில் கறுப்புத் தார்ப்பாய் மூடி, ஓரத்தில் கல் வைக்கும் பழக்கத்தைப் பட்டையால் சரிக்கட்ட முடியாது. அதை விட்டுவிடுவதே முறை. நம் நெல்லைக் காப்பதற்காக மற்றொருவர் வீட்டு விளக்கு அணையக் கூடாது.

இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். வண்டியைப் பாரத்தோடு நிறுத்தி, பின்னால் 100 அடி தள்ளிப் போங்கள். டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள். வண்டியின் இரண்டு ஓரங்களும் தெரிந்தால் நல்லது. ஒரு ஓரம் மட்டும் தெரிந்தாலும், எதுவுமே தெரியாவிட்டாலும், பட்டை ஒட்டிய பிறகே அந்த வண்டியை இரவில் சாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.